பூட்டக்கா நிறுத்திய மெஷின்

எங்கள் பாத்திர ஆலையில் பூட்டக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே வழிகாட்டிவிடுவார். அவளுடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பதினோரு வருடம் தட்டு அச்சடிக்கும் பிரஸ்ஸில் நின்றவள். பாதுகாப்புக் குழுவுக்குத் தொழிலாளர் பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்று ஒருநாள் எல்லோரையும் கூட்டினார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள யாருக்கு மனசு வரும்? எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொள்ள அக்கா கையைத் தூக்கினாள். ஃபோர்மேன் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அவளும் மறுக்கவில்லை. கொடுத்த கையேட்டைச் சாப்பாட்டு நேரத்தில் வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். மெஷினில் கை சிக்காமல் மறைக்கும் காப்புக் கதவு, காதடைப்பு எல்லாம் நிர்வாகம் தரவேண்டும், நாங்கள் பயன்படுத்தவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆபத்து என்று பட்டால் மெஷினை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதை மட்டும் அவள் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து பழுது பார்க்கவோ துடைக்கவோ நிறுத்திய மெஷினின் சுவிட்சில் சிவப்புப் பூட்டு தொங்கும். உள்ளே கையை விடுகிறவர் பையில்தான் சாவி இருக்கவேண்டும். தெரியாமல் இன்னொருவர் ஓடவிட்டுவிடக் கூடாதல்லவா? பூட்டைப் போடச் சொல்லித் துரத்தித் துரத்தியே அந்தப் பட்டப்பெயர் வாங்கினாள்.

அவள் கணவரும் அதே ஆலையில்தான் ஃபிட்டர். வாய் அதிகம் பேசாத, கைவேலையே பேசுகிற மனிதர்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்த வாரம். காலையில் சுற்றி வந்த அக்கா மூன்றாம் பிரஸ்ஸின் முன் நின்றுவிட்டாள். காப்புக் கதவு திறந்தே கிடக்க, பிரஸ் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண் உள்ளே கையை விட்டுத் தகடு வைத்துக்கொண்டிருந்தாள். கதவு மூடினால் மட்டும் அழுந்தி மெஷினை ஓடவிடும் சுவிட்சை யாரோ கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அக்கா மெஷினை நிறுத்திப் பூட்டினாள். பிறகு கம்பியைப் பார்த்தாள். நாலு முறுக்கு, குத்தாமல் உள்பக்கம் மடக்கிய நுனி. அவள் வீட்டுத் துணிக்கொடியிலும் அதே முடிச்சுதான்.

ஃபோர்மேன் ஓடிவந்தார். "கதவு இறுகிக் கெடக்கும்மா. ஒவ்வொரு தட்டுக்கும் இழுத்து இழுத்துச் சாத்தினா பாதி நாள் போயிடும். சாவியக் குடு."

"இந்தப் பொண்ணு கை போனா எத்தனை நாள் போகும்ணே?"

மேனேஜர் வந்தார். கட்டியது யார் என்று கேட்டார். அட்டைப் பெட்டி வண்டியோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்காவின் முகம் கறுத்துப்போனது.

"தெரியும் சார். கட்டினவங்களே சொல்லட்டும்."

கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி அவள் கணவர் முன்னால் வந்தார். "நான்தான் சார். கதவைக் கழட்டிச் சரிபண்ண அரை நாள் கேட்டேன். ஆர்டர் முடியட்டும்னாங்க. கட்டிட்டேன்."

மேனேஜர் ஃபோர்மேனைப் பார்த்தார், ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். இது தன் காதுக்கு வராமல் போனதும் தன் தப்புதான் என்று சொல்லி, மேனேஜர் அரை நாள் என்ன, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். அக்கா பதிவேட்டை விரித்து நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள், கணவர் பெயர் உட்பட.

அன்று வீட்டில் நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். தன் பெயரை விட்டிருக்கலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். "உங்க பேரை விட்டுட்டு, நாளைக்கு யாரு பேரைங்க நான் எழுத முடியும்?" என்றாளாம் இவள். இரண்டு நாள் அவர் உம்மென்று இருந்தார். ஆனால் அந்த இரண்டு நாளும் ஆலையில் கதவின் தண்டவாளத்தைத் தேய்த்து, புது உருளைகள் மாட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். ஒற்றை விரலால் தள்ளினாள், கதவு வழுக்கிக்கொண்டு போனது. மூன்று தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது.

மற்ற ஐந்து பிரஸ்களுக்கும் அதே உருளையைக் கேட்டு வாங்கினோம். தட்டு எண்ணிக்கை குறையவில்லை. உருளை மாட்டியது தன் யோசனை என்று ஃபோர்மேன் சொல்லிக்கொள்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காது சோதிக்கவேண்டும் என்று அடுத்து அவள் நச்சரித்து வாங்கினாள். அந்தச் சோதனையில் அவளுக்கே இடது காது மந்தம் என்று வந்தது. காதடைப்பு வருவதற்கு முந்தைய வருடங்கள் செய்த வேலை. நிர்வாகம் அவளைத் தரம் பார்க்கும் அறைக்கு மாற்றியது. சத்தமில்லாத அறை. ஜன்னலோரம் உட்கார்ந்து, தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுகிறாள். இந்த வேலை பிடித்துப்போய்விட்டது என்கிறாள்.

பஸ்ஸில் இப்போதெல்லாம் கணவர் அவளுக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருகிறார். வாய் அதிகம் பேசாத அந்த மனிதர் இறங்கும்வரை ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறார்.