என் பெயரில் வேறொருவர் முதுகு

தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. இடுப்பில் டிஸ்க் விலகி, வலது கால் முழுக்க வலி. மயிலாப்பூர் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டு, சின்னத் துளை போட்டு எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார். அடையாறு டாக்டர் ஓர் அங்குலம் கீறி, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வாராம். எது நல்லது என்று கேட்க மனைவியோடு அவரிடம் போனேன்.

அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"முதுகுல ஏற்கெனவே ஆபரேஷன் ஆயிருக்கா?"

"இல்லையே சார்."

"இதுல ரெண்டு ஸ்க்ரூ இருக்கே."

என் கை தானாக முதுகைத் தடவியது. தழும்பே இல்லை. படத்தின் மூலையில் என் பெயர்தான் இருந்தது.

"ஏங்க, வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு" என்றாள் மனைவி. எனக்கு நாற்பத்து நான்கு.

ஸ்கேன் சென்டருக்கு ஓடினோம். அதே நாளில் என் பெயருள்ள இன்னொருவரும் ஸ்கேன் எடுத்திருந்தார், உறையில் போடும்போது படங்கள் மாறிவிட்டன. சென்டர்காரர்கள் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"படமா? டாக்டராண்ட கீது. நாளைக்கு ஆபரேசன், நைனா."

என் முதுகைப் பார்த்துத்தான் அவரை அறுக்கப் போகிறார்கள்!

சென்டர்காரர்கள் உடனே அவருடைய டாக்டரிடம் பேச, நல்லவேளையாக அது நின்றது. என் சரியான படத்தில் டிஸ்க் துண்டு கீழே இறங்கியிருந்ததால் எனக்கு மைக்ரோஸ்கோப் முறையே சரி என்றார் அடையாறு டாக்டர், அப்படியே செய்துகொண்டேன். இப்போதெல்லாம் கவுண்டரிலேயே படத்தை உறையிலிருந்து எடுத்து, பெயரோடு வயதையும் வாசித்துப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்கிறேன்.