ஓரகத்திக்குக் கொடுத்த களிம்பு

வலங்கைமான் பக்கத்தில் அம்சத்தின் கண்ணுக்கு இருந்த பேர், வேறு யார் கண்ணுக்கும் இருந்ததில்லை. விதைக்காக விளைவிக்கிற வயலில் வேறு ரக நெல் ஒரு குத்துகூட நிற்கக் கூடாது. அப்படிக் கலந்து நிற்கும் பயிருக்குக் கலவன் என்று பெயர். பூக்கிற பருவத்தில் வயலில் இறங்கி, கலவனைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்குவது அம்சத்தின் வேலை. மற்றவர்கள் வரிசை பிடித்து நடந்து குத்துக் குத்தாகப் பார்ப்பதை, அவள் வரப்பில் நின்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்லிவிடுவாள்: "அதோ கொக்கு நிக்குதுல்ல, அதுக்கு வலப்பக்கம் ஒரு திருட்டுப்பய தலைய நீட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு."

ஒரு தரம் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் போகும்போது யாரோ முன்பின் தெரியாதவர் வயலில் கலவனைப் பார்த்துவிட்டாளாம். விசிலடிக்கச் சொல்லி இறங்கி, பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே பஸ்ஸில் ஏறினாளாம். பஸ் நின்றதா, அம்சம் ஓடிப் பிடித்தாளா என்பதில்தான் ஊரில் இரண்டு கட்சி. பிடுங்கினாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு ஓரகத்தி. கொழுந்தன் வளவனின் பெண்டாட்டி கனிமொழி, அம்சத்துக்குப் பன்னிரண்டு வயது இளையவள். வளவன் துபாயில். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கொல்லை, ஒரே குழாயடி. கனிமொழி நல்ல சிவப்பு, நல்ல குரல், நல்ல கைப்பக்குவம். அம்சம் அதையெல்லாம் பதினெட்டு வருஷமாகப் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கண் சமாசாரத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கார்த்திகையில் கனிமொழிக்கு இமை இரண்டும் வீங்கிச் சிவந்தன. தஞ்சாவூருக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் விரல் நீளத்தில் ஒரு களிம்பு ட்யூபுமாக இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் இன்னும் எடுப்பாக இருந்தது அம்சத்துக்கு முதல் அடி.

இரண்டாவது அடி, குஞ்சிதபாதம். அம்சத்தின் புருஷன். அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது "சோறு ஆச்சா?" என்று கேட்ட மகராசன். அவர் இப்போது குழாயடியில் நின்று குரல் கொடுத்தார்: "கனி, அடுப்புப் புகைகிட்ட போவாதம்மா. கண்ணுல ஆயின்மென்ட் போட்டிருக்க."

"ஏங்க, எனக்கும் புகை அடிக்குது" என்றாள் அம்சம்.

"உனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்று போய்விட்டார்.

அப்புறம் அந்தக் களிம்பு போடுகிற வைபவம். கோயிலில் அபிஷேகம் கெட்டது போங்கள். கனிமொழி சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அண்ணாந்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடிப்பாள். ட்யூபின் மூக்கு இமையிலோ முடியிலோ பட்டுவிடாமல், ஓர் அரிசி நீளத்துக்குப் பிதுக்குவாள். கண்ணை மூடி அப்படியே இருப்பாள். வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றுவாள். பார்வை தெளிகிற வரை எழுந்திருக்கக்கூட மாட்டாள். பிறகு காலண்டரில் ஒரு கோடு. ஏழு நாள், ஏழு கோடு.

"எனக்கும் அப்பப்ப உறுத்துது. ஒரு துளி கொடேன்" என்று அம்சம் கேட்டாள்.

"ஐயோ, கூடாதுக்கா. டாக்டரம்மா ரொம்பக் கறாரா சொல்லிட்டாங்க. இதுல ரெண்டு மருந்து கலந்திருக்காம். ஒண்ணு கிருமிக்கு, இன்னொண்ணு வீக்கத்தை அடக்க. எல்லாச் செவப்புக் கண்ணுக்கும் ஆவாதாம். ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் போடக் கூடாதாம். சொன்ன நாளுக்கு மேல நானே போடக் கூடாது, உள்ள பிரஷர் ஏறிரும்னாங்க. உறுத்துதுன்னா வாங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அம்சத்தின் காதில் இதெல்லாம் வேறு மாதிரி விழுந்தது. 'கஞ்சத்தனத்துக்கு டாக்டர் பேரை இழுக்கிறா பாரு. உப்புக் கேட்டாலும் டாக்டரம்மா வேணாம்னாங்கன்னு சொல்லுவா!'

ஏழாம் நாள் கனிமொழியின் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. தஞ்சாவூரில் மறுபடி பார்த்து, களிம்பை நிறுத்தி, மிச்சத்தைத் தூக்கி எறியச் சொன்னார்கள். பாதி ட்யூபை எறிய அவளுக்கு மனசு வரவில்லை. அலமாரியில் வளையல் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

மார்கழி கடைசியில் வீரையனின் விதைப் பண்ணையில் பயிர் பூத்தது. அம்சம் முன்னால் போக, பின்னால் ஆறு பெண்கள். கனிமொழியும் அந்த வருஷம் வந்திருந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். அம்சம் தாண்டிப் போன இடத்தில் இரண்டு கலவனைப் பிடுங்கி, "அக்கா, இது ரெண்டும் பாருங்க" என்று நீட்டினாள்.

வரப்பில் நின்ற வீரையன், "இளங்கண்ணு, வேற எப்படி இருக்கும்! அம்சக்கா, அடுத்த வருஷம் கனிய முன்னால விட்டுட்டு நீங்க பின்னால வாங்களேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

அம்சமும் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் பல் நறநறவென்றது. அந்த ஆத்திரத்தில் குனிந்தவள், காற்றில் ஆடிய நெற்தோகையைக் கவனிக்கவில்லை. அரம் போன்ற அதன் ஓரம் வலது கண்ணின் கருமணியில் சர்ரென்று இழுத்துவிட்டது. கண்ணீர் கொட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் விதைச்சான்று ஆபீசர் வயலைப் பார்க்க வருகிறார். கண் போச்சு என்று வாயைத் திறந்தால், ஆபீசர் முன்னால் வயலில் நடப்பது யார்? கறுப்புக் கண்ணாடிக்காரிதான்.

அன்று சாயந்திரம் கனிமொழி பால் ஊற்றப் போன நேரத்தில் அம்சம் வளையல் டப்பாவைத் திறந்தாள். கையில் வயல் சேறு. களிம்பை அரிசி நீளமா பிதுக்கினாள்? பிரண்டை நீளம் பிதுக்கினாள். ட்யூபின் மூக்கு இமையில் உரசி, முடியில் ஒட்டி, கன்னம் வரை இழுகியது.

மறுநாள் பார்த்தால் சிவப்பைக் காணோம்! எரிச்சல் பாதி. அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. 'அவளுக்கு ஏழு நாள், எனக்கு ஒரே நாள். கண்ணுன்னா இது கண்ணு!' தினம் மூன்று தரம், நான்கு தரம் என்று திருடித் திருடிப் போட்டாள்.

ஐந்தாம் நாள் பனி மூட்டம் போலத் தெரிந்தது. களிம்பு வழிந்து மறைக்கிறது என்று நினைத்தாள். ஏழாம் நாள் வெயிலைப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்குள் குத்தல். இன்னும் இரண்டே நாள் என்று பல்லைக் கடித்தாள்.

ஒன்பதாம் நாள் ஆபீசரம்மா வந்தார். அம்சம் வரப்பில் நின்று வழக்கம்போலக் கை நீட்டினாள்: "அதோ ஒருத்தன்!" விறுவிறுவென்று போய்ப் பிடுங்கியும் வந்தாள்.

ஆபீசரம்மா கதிரைத் திருப்பிப் பார்த்தார். "இது நல்ல பயிரும்மா."

இரண்டடி தள்ளி நிஜக் கலவன் ஒன்று, ஒரு சாண் உயரமாக நின்றது. கனிமொழி சத்தமில்லாமல் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதை மட்டும் அம்சம் நன்றாகப் பார்த்தாள். ஆபீசரம்மா, "அறுப்புக்கு முன்னாடி மறுபடி வருவேன், சுத்தம் பண்ணி வைங்க" என்று போனார்.

"அக்கா, இப்படித் திரும்புங்க" என்றாள் கனிமொழி. "கருமணியில வெள்ளையா, நொய் ஒட்டின மாதிரி இருக்கு."

"எல்லாம் உன் கண்ணு பட்டதுதான், போடி."

கனிமொழி மாமா குஞ்சிதபாதத்துக்குப் போன் போட்டாள். மத்தியானம் மூன்று பேரும் தஞ்சாவூரில் இருந்தார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. விளக்கு வைத்துப் பார்த்தவர் நிமிரவேயில்லை. "என்ன பட்டுச்சு?"

"நெல்லுத் தோகை."

"அதுக்கப்புறம் என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. புண்ணு ஆழமா இருக்கு, ஆனா அந்த அளவுக்குச் செவக்கல. எதையோ போட்டு அமுக்கியிருக்கீங்க. என்னன்னு தெரிஞ்சாத்தான் எதை நிறுத்தணும்னு தெரியும். தப்பாப் போனா இந்தக் கண்ணு திரும்பாது."

ஒரு பக்கம் கண். இன்னொரு பக்கம், கனிமொழி முன்னால் திருடி என்று நிற்பது. எது பெரிசு என்று அவள் உண்மையிலேயே யோசித்தாள் என்பதுதான் கொடுமை.

"கனி, நீ போயி டீ குடிச்சிட்டு வா."

"வேணாம்க்கா, கூட இருக்கேன்."

"போயேன்டி!"

"போக மாட்டேன்."

அம்சம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இவ ட்யூபு. வளையல் டப்பாவுல இருந்தது. ஒன்பது நாளா எடுத்துப் போடுறேன்."

கனிமொழிதான் முந்தினாள்: "தப்பு என்னோடதுங்க டாக்டர். எறியச் சொன்னீங்க, நான் எறியல."

அம்சத்துக்குச் சுருக்கென்றது. திருடினது அம்சம், அதிலும் கனிமொழி பங்குக்கு வருகிறாளே!

டாக்டரம்மா இருவரையும் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "செடி, நெல்லு கிழிச்ச புண்ணுல பூஞ்சை இறங்கும். அந்த ட்யூப்ல இருக்கிற கிருமி மருந்து பூஞ்சைய ஒண்ணும் பண்ணாது. கூட இருக்கிற ஸ்டீராய்டு உங்க உடம்போட காவக்காரனைத் தூங்க வெச்சிரும். செவப்பு போச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டீங்க. பூஞ்சை அதைவிடச் சந்தோஷமா மேஞ்சிருக்கு. இவங்களுக்கு நான் விளக்குல பார்த்துத்தான் கொடுத்தேன். உங்களுக்கு யார் பார்த்தா?"

புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூஞ்சைதான். களிம்பை அன்றே நிறுத்தினார்கள். வேறு சொட்டு மருந்து, விழித்திருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம்.

போட்டது யார்? போனில் அலாரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் கை கழுவிக்கொண்டு, கனிமொழிதான். "அண்ணாந்து பாருங்க... அசையாதீங்கக்கா... ஆச்சு." நாலு வாரம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்சத்தின் கண்ணை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கனிமொழியைப் பத்து நிமிஷம் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். "இப்படி ஒரு ஓரகத்தி யாருக்கு வாய்க்கும்!"

கண் பிழைத்தது. கருமணியில் ஒரு மெல்லிய தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணுக்கு உலகம் கொஞ்சம் மங்கல்தான், இனிமேல் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. இடது கண் பழுதில்லை.

அறுப்புக்கு முந்தின ஆய்வு வந்தது. அம்சம் வரப்பில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் காட்டக் காட்ட, கனிமொழி பிடுங்கியிருந்தாள். ஆபீசரம்மா வயலைச் சுற்றி வந்து, "சுத்தமா இருக்கே. யார் வேலை?" என்றார்.

"அக்காதாங்க. நான் சும்மா கை" என்றாள் கனிமொழி.

வீரையன் உருகிப்போனார். "பெரிய மனசு கனி உனக்கு."

அவ்வளவுதான். அம்சத்துக்கு உச்சி வரை ஏறியது. அழகு அவளுக்கு, குரல் அவளுக்கு, இப்போது பெரிய மனசும் அவளுக்கே! ஆபீசரம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"நில்லுங்கம்மா!" என்று கத்தினாள் அம்சம். "வடகிழக்கு மூலையில இன்னும் ரெண்டு நிக்குது. இவ விட்டுட்டா!"

வீரையன் தலையில் அடித்துக்கொண்டார். வேலை பார்க்கிற பண்ணையை ஆபீசரிடமே காட்டிக்கொடுத்தவள் தஞ்சை ஜில்லாவிலும் கிடையாது, திருவாரூர் ஜில்லாவிலும் கிடையாது. அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முகத்துக்கு முன்னால் ஒரு கையை மறைப்பாகப் பிடித்தபடி, தோகையை விலக்கி விலக்கிப் போனாள். இரண்டு குத்தோடு திரும்பினாள்.

ஆபீசரம்மா கதிரைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டும் கலவன்தான். "ஒத்தைக் கண்ணுல இது எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அம்சம் நிமிர்ந்து, வெற்றியோடு ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். வாடிய முகத்தைத்தான் எதிர்பார்த்தாள். கனிமொழியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பும் நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் அம்சத்துக்கு வயிறெரிந்தது.