பத்மா அக்காவும் கறித்தூளும்

எங்கள் பிளாட்டில் யார் மலிவுவிலை சூப்பர்மார்க்கெட்டுக்குக் கிளம்பினாலும், எதிர்வீட்டுப் பத்மா அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் போவோம்.

"பிஸ்கட், சவர்க்காரம் வாங்கலாம். கறித்தூள் மட்டும் தொடாதலா! வெறும் கலரு. மில்லுல அரைச்சாத்தான் கறி."

அவருடைய மீன்கறியைச் சாப்பிட்டவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால் இந்தத் தீபாவளிக்கு நானும் மிளகாயைக் கழுவி வாசலில் காயவைத்தேன். மழை வரும்போதெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். "இன்னும் ஒரு வெயில் வேணும்மா," என்று எதிரே நின்று சொன்னதும் அதே அக்காதான்.

இன்று தங்கையைப் பார்க்கக் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் செபராங் ஜெயா போனேன். வரும் வழியில் அங்குள்ள மலிவுவிலைக் கடைக்குள் நுழைந்தால், டிராலி நிறையக் கறித்தூள் பாக்கெட்டுகளோடு நிற்கிறார் பத்மா அக்கா!

தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று பாலம் தாண்டி வந்திருக்கிறார்.

"அக்கா, என்ன இது?"

டிஷ்யூ கட்டை எடுத்து மேலே வைத்து மூடினார். "மெதுவா பேசுலா. மில்லுக்குப் போக யாருக்கு நேரம் இருக்கு?"

"அப்ப அந்த மீன்கறி?"

"நல்லாத்தானே இருந்துச்சு?"

இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிறகு காதருகே குனிந்து, "சிவப்புப் பாக்கெட் எடு. பச்சை வேணாம், ஒரே உப்பு," என்றார்.

சிவப்பையே எடுத்தேன்.

வாசலில் இரண்டு கிலோ மிளகாய் இன்னும் காய்கிறது. யாருக்காவது வேண்டுமா? மழை வந்தால் ஓடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.