பாய்மரத்து உச்சியில் வைத்த விளக்கு

ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். துறைமுகத்தில் எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் யாராவது குறை சொன்னால் மட்டும் கூலிங் சட்டென்று சூடாகிவிடுவார். மனைவி பஸ் டிரைவர். பிள்ளைகள் தலையெடுத்தபின் இருவரும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லீவு நாட்களில் சுரண்டி, வர்ணம் அடித்துத் தேற்றினார்கள்.

கடைசியில் மிஞ்சியது நங்கூர விளக்கு. இருட்டில் படகு நங்கூரமிட்டு நிற்பதை நாலாபக்கமும் காட்டும் வெள்ளை விளக்கு அது. பேட்டரியை அதிகம் தின்னாத எல்இடி வாங்குவதில் சண்டையில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் வந்தது.

“பாய்மரத்து உச்சியில வச்சா ஊருக்கே தெரியும்” என்றார்.

“தூரத்துல வர்றவனுக்குத் தெரியும். பக்கத்துல சின்னப் படகுல வர்றவன் அண்ணாந்து பாத்துக்கிட்டா வருவான்? முன்பக்கம் தலைக்குக் கொஞ்சம் மேல தொங்க விடுங்க. படகு மேலயும் வெளிச்சம் விழும்.”

“நீ பஸ்ஸைப் பாரு. வயரை நான் பாத்துக்கறேன்.”

அவள் அதோடு விட்டுவிட்டாள். அவர் மரத்துக்குள்ளேயே வயரை இழுத்து, வெளியே ஒரு துளி தெரியாமல் உச்சியில் பொருத்தினார். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

அடுத்த மாதம் ஒரு குன்றின் அடியில் நங்கூரமிட்டிருந்தார்கள். குன்று நிறைய வீடுகள். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே சாப்பிட உட்கார்ந்தபோது படகே அதிர்ந்தது. நண்டு பிடித்துத் திரும்பிய ஒருவர் தன் மோட்டார் படகோடு வந்து மோதியிருந்தார். அவர் முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. கூலிங்தான் அவரைத் தூக்கிக் கரை சேர்த்தார்.

விசாரித்த அதிகாரி, “விளக்கு எரிஞ்சிருக்கு, விதிப்படி இருக்கு. உங்க மேல தப்பில்லை சார்” என்றார். அப்போது மனதில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் கூலிங்குக்கு இன்றும் உடம்பு கூசும்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனார். நண்டுக்காரர் கோபப்படவே இல்லை. “லைட்டைப் பாத்தேண்ணே. குன்று மேல யாரு வீட்டு லைட்டோன்னு நெனைச்சிட்டேன். என் கவனக்குறைவு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு விளக்கை எடுத்துக்கொண்டு மனைவியோடு படகுக்குப் போனார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் முன்பக்கக் கம்பிவடத்தில் அவள் பிடித்துக் காட்டிய உயரத்தில் கட்டினார்.

“நீ அப்பவே சொன்னே” என்றார்.

“சொன்னேன். இன்னும் கொஞ்சம் பிடிவாதமா சொல்லியிருக்கணும்.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

நண்டுக்காரருக்கு அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து நண்டுக்கூடை இழுக்க முடியாமல் படகை விற்றுவிட்டு, ஐஸ் ஃபேக்டரி வாசலில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிறார். மெஷின் பார்க்க கூலிங் அங்கே போகும்போதெல்லாம், “வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்” என்று கூப்பிடுவார். மனைவி சொன்னதையும் தான் கேட்காததையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறார். டீ ஆறுவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.

மனைவி படகுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். “அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. நீங்க போயிட்டு வாங்க” என்கிறாள். அவருக்கும் தனியாகப் போகப் பிடிக்கவில்லை.