சென்சாருக்குப் போத்தின ஈரச் சாக்கு

ரசம் சோறு பெசையறப்ப யாருக்காச்சும் ஈரக்கொல நடுங்குமா? எனக்கு நடுங்குச்சு. போன ஞாயித்துக்கெழம, அரியலூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல… பந்தியில.

நான் அப்படி பயப்படுற ஆளும் இல்ல. வாரா வாரம் என்னைய படிக்கிற உங்களுக்கே தெரியும், வாய்தான் எனக்கு முன்னாடி போகும்.

விஷயம் இதுதான். குன்னம் பக்கம் எங்க அத்தையும் மாமாவும் கறிக்கோழி வளக்குறாங்க. ஒரே ஷெட்டு, மூவாயிரம் கோழி. கத்திரி வெயில்ல ஃபேன் நின்னா அவ்ளோதான், கொத்துக் கொத்தா சாயும். அதனால வெயில் காலத்துல ரெண்டு பேர்ல ஒருத்தர் ஷெட்டுலயே கெடப்பாங்க. சேந்து ஒரு கல்யாணத்துக்கு போனதே இல்ல.

ட்ரிபிள் ஈ படிச்ச நான் சும்மா இருப்பனா? ஒரு சென்சார் வாங்கினேன். மூணு கால் வச்ச கருப்பு மணி, மொளகு சைஸ். ஒரு டிகிரி சூட்டுக்கு பத்து மில்லிவோல்ட் குடுக்கும். முப்பது டிகிரின்னா 0.30 வோல்ட். அதத் தாண்டுனா ரிலே டக்குனு அடிக்கும், ஆறு ஃபேனும் ஓடும். குளுந்தா தானா நிக்கும். சென்சார ஷெட்டு பக்கவாட்டு கம்பி வலையில, கோழி ஒசரத்துக்கு கட்டி விட்டேன். ரெண்டு வாரம் ஜம்முனு ஓடுச்சு.

"ரெண்டு பேரும் கெளம்புங்க. ஷெட்ட என் சர்க்யூட்டு பாத்துக்கும்"னேன்.

"எதுக்கும் கையில போடுற மாதிரி ஒரு சுச்சு வச்சிரு ஆத்தா"ன்னாரு மாமா.

"அப்பறம் எதுக்கு மாமா அதுக்கு பேரு ஆட்டோமேட்டிக்கு?"

இப்ப பந்திக்கு வாங்க. பக்கத்து எலையில அத்தை. மெதுவா சாஞ்சு சொல்றாங்க —

"கெளம்பறப்ப மனசே கேக்கல புள்ள. வலையில சுத்தி சாக்கு கட்டி நனச்சுட்டுதான் வந்தேன். ஒன் வயரு ஒன்னு தொங்குதுல்ல, அங்கதான் வெயிலு நேரா அடிக்குது. அந்த எடத்துல மட்டும் ரெட்ட சாக்கு. மேல சொட்டுநீர் ட்யூப்ப வேற போட்டு விட்டுருக்கேன். சாயங்காலம் வரைக்கும் காயாது."

அந்த வயரு முனையில என்ன இருக்குன்னு அவங்களுக்கு தெரியாது. வெளிய நாப்பது டிகிரிக்கு மேல கொளுத்துது. சென்சாருக்கு மட்டும் ஊட்டி.

"ஃபோன வண்டியில வச்சுட்டேன் அத்தை"ன்னு ஒரு பொய்ய சொல்லிட்டு எந்திரிச்சேன். கை கழுவல.

குன்னம் ரோட்டுல முன்னாடி பூரா சுண்ணாம்புக்கல் லாரி. முந்த முடியல. ஷெட்டு பக்கத்துல ஆளே கெடையாது, யாருக்கு ஃபோன் போடுறது? மூவாயிரத்துல எத்தன உசுரோட இருக்கும்… பாதி? மனசு கணக்கு போட போட ஆக்சிலேட்டர் புடிச்ச கை வழுக்குது.

ஷெட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினேன். சத்தம் இல்ல.

ஃபேன் சத்தமும் இல்ல, கோழி சத்தமும் இல்ல. உள்ள எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு, றெக்கைய தொங்க விட்டு, எளைக்குதுங்க. தண்ணி டப்பா பக்கத்துல சிலது எளைக்கவே இல்ல.

சாக்கையும் ட்யூப்பையும் பிச்சு எறிஞ்சேன். ரிலே பொட்டியில போட்டு வச்சிருந்த மீட்டர எடுத்து வச்சா 0.27 வோல்ட். நேரா ஃபேன் போட சுச்சும் இல்ல… நான்தான் வைக்கலயே. துப்பட்டாவால சென்சார தொடச்சு உள்ளங்கையில வச்சு இறுக்கி மூடினேன். ஒடம்புச் சூடாச்சும் ஏறட்டும். 0.28… 0.29…

டக்.

ஆறு ஃபேனும் ஒன்னா சுத்துச்சு. காத்து சூடாதான் இருக்கு, இனி கைய எடுத்தாலும் சென்சாரு பாத்துக்கும். படிச்ச மூளைக்கு அது தெரியுது. கை தொறக்க மாட்டேங்குது.

அப்படியே நிக்கிறப்பதான் ரெண்டு பேரும் வந்தாங்க, சந்தேகப்பட்டு பின்னாடியே. மாமா செத்தத பொறுக்கி வெளிய போட்டாரு. பதினேழு.

"நான் சாக்கு கட்டுனதாலயா?" பிஞ்சு கெடந்த சாக்க கையில எடுத்துக்கிட்டு அத்தை கேட்டாங்க.

அப்பதான் கைய விரிச்சேன். அது என்ன, அதுக்கு ஈரம் பட்டா என்ன ஆகும்னு சொன்னேன். அத்தை குனிஞ்சு அதைப் பாத்தாங்க.

"இந்த மூக்குத்தித் திருகாணிய நம்பியா மூவாயிரம் உசுர விட்டுட்டு வர சொன்ன?"

நாம ஒன்ன கண்டுபுடிச்சா அது எப்படி வேல செய்யும்னு ஊரு பூரா சொல்லுவோம். எதுல ஏமாறும்னு மட்டும் வூட்ல சொல்ல மாட்டோம். புரியாதுன்னு நாமளே முடிவு பண்ணிருவோம். ஒரு நிமிஷம்… அந்த மணிய காட்டி "இது மேல எதையும் போட்றாதீங்க"ன்னு சொல்ல ஒரே நிமிஷம் போதும்.

இப்ப சுச்சு வச்சாச்சு. ஷெட்டு நடுவுல இன்னொரு சென்சாரும் தொங்குது. ஆனாலும் டெய்லி மத்தியானம் அத்தைக்கு ஃபோன் பண்றேன். அவங்க ஏதோ பேசுறாங்க… நான் பின்னாடி ஃபேன் ஓடுற சத்தத்த மட்டும்தான் கேக்குறேன்.