கோடு கீறிய புத்தகம்

மச்சான் இறந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த மறுநாள், அவர் மனைவியும் என் மூத்த சகோதரியுமான ராத்தா என்னைக் கூப்பிட்டு ஒரு கடதாசியைத் தந்தார். தொலைக்கல்விப் பட்டத்துக்கு அவர் வாசிக்க வேண்டிய நான்கு புத்தகங்களின் பெயர்கள் அதில் இருந்தன. விண்ணப்பம் நிரப்பிக் காசு கட்டியது மச்சான்தான். புத்தகங்களையும் அவரே வாங்கித் தருவதாக இருந்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார்.

ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது எங்கள் வழக்கம். வீட்டிலிருந்தே எழுதும் முதல் ஒப்படையை அனுப்ப வேண்டிய கடைசித் திகதியோ இத்தா முடிவதற்கு முன்பே வந்தது. அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போச்சு. ஏழு வருடமாகத் தொண்டர் ஆசிரியையாகவே இருக்கிறவர், பட்டம் இல்லாமல் நிரந்தர நியமனம் கிடையாது, இப்போது இரண்டு பிள்ளைகளும் அவர் தலையில்.

இதெல்லாம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. "இப்ப என்னத்துக்கு ராத்தா இது? அடுத்த வருஷம் பாப்பமே" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. என் குரல் எப்போதும் அப்படித்தான்.

"வெளிய போகத்தான் ஏலா. வாசிக்கிறதுக்கு என்ன வந்த?" என்றார் ராத்தா. "நீ கொழும்புக்குப் போறவன்தானே. வாங்கிட்டு வா."

நான் நுரைச்சோலைப் பக்கத்து வெங்காயத்தை லொறியில் ஏற்றிக் கொழும்புச் சந்தைக்குக் கொண்டு போகிறவன். புத்தகக் கடைப் படி ஏறியது பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதுதான் முதல் தடவை. மூன்று புத்தகங்கள் சுலபமாகக் கிடைத்தன. நான்காவது கல்வி உளவியல். அது எங்கேயும் இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு பிரதி இருந்தது. ஒன்று அட்டை பிய்ந்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனையால் கோடு கீறி, ஓரமெல்லாம் ஆரோ எழுதித் தள்ளியது. மற்றது பின்னால் தட்டில் ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது.

"இத எடுங்க தம்பி" என்று கடைக்காரர் பிய்ந்ததை நீட்டினார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பதினைந்து வருடம் வெங்காயச் சந்தையில் நின்றவன் நான். விற்கிறவன் எந்த மூட்டையை முன்னுக்குத் தள்ளுகிறானோ அதன் அடியில்தான் அழுகல் கிடக்கும். பின்னால் இருப்பதைத்தான் இழுத்து எடுக்க வேண்டும். "ஆரிட்ட கதை விடுறீங்க நானா" என்று அண்ணன் முறை வைத்தே சொல்லிச் சுத்தமானதை எடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்பதற்கு நான் நிற்கவில்லை.

வீட்டில் ராத்தா நான்கையும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு உளவியலைத் திறந்து பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டவர் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அது பழைய பாடத்திட்டத்துக்கு எழுதிய பதிப்பு. ஒப்படையில் கேட்டிருந்த இரண்டு அலகுகளும் அதில் இல்லை. நான் கடைக்காரனை ஏசினேன், பல்கலைக்கழகத்தை ஏசினேன், கொழும்பையே ஏசினேன்.

"கடையில வேற ஒண்டும் இருக்கல்லயா?"

உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. மூட்டைக் கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். ராத்தா சிரித்தார். மச்சான் மவுத்தான பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "வெங்காயத்துக்குச் சரி தம்பி" என்றார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை ஏசவில்லை. மாறாத அலகுகள் எவை என்று பென்சிலால் குறித்து, அன்று பின்னேரமே படிக்கத் தொடங்கிவிட்டார். நானாக இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அந்த வாரம் மழை, லொறி ஓடவில்லை. புத்தளத்துக்குப் போய் பஸ் ஏறி, அந்த ஒரு புத்தகத்துக்காகவே கொழும்புக்குப் போனேன். பிய்ந்த பிரதியைக் கடைக்காரர் மேசைக்குக் கீழே எடுத்து வைத்திருந்தார். "வருவீங்கண்டு தெரியும்" என்றார். "இதுதான் புதுப் பாடத்திட்டம். மற்றத ஆரும் படிக்கிறல்ல. அதான் அது சுத்தமா இரிக்கி." நான் காசைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அதன் பிறகு விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டுப் பிள்ளைகள் எழும்பும் வரைக்கும், அவர்கள் பாடசாலைக்குப் போன பிறகு பகல் சமையல் வரைக்கும், இத்தாவின் வெள்ளை உடுப்போடு ராத்தா தன் அறையில் படித்துக்கொண்டே இருந்தார். ஒப்படையைக் கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்பே என் கையில் தந்தார். பதிவுத் தபாலில் போட்டது நான்தான். அந்தப் பாடத்தில் பாஸாகிவிட்டார்.

பாஸான பிறகு அந்தப் பிய்ந்த புத்தகத்தைத் தந்து, அதே கடையில் கொடுத்துவிடச் சொன்னார். சந்தையில் மூட்டை இறக்கும் நேரம் லொறிக்குள் இருந்து சும்மா புரட்டினேன். சிவப்புப் பேனைக்குப் பக்கத்தில் ராத்தாவின் பென்சில் எழுத்து. ‘இத்தா எழுபத்தெட்டாம் நாள். பிள்ளைகள் போன பிறகு அழுதேன். பிறகு பன்னிரண்டு பக்கம் படித்தேன்.’ இன்னோர் இடத்தில், ‘தொண்ணூறாம் நாள். இன்று அழவில்லை. ஐந்து பக்கம்தான்.’

ராத்தா அழுது நான் பார்த்ததே இல்லை. கல்நெஞ்சு என்றுகூட ஒருநாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு போன் எடுத்தேன்.

"ராத்தா, நீங்க எழுதினதெல்லாம் இதுல இரிக்கி. அழிக்கட்டா?"

"தெரியும். அழிக்காத" என்றார். "வாங்குற ஆளுக்கு உதவும்."

கடைக்காரர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். சிவப்புக்கு மேலே இப்போது பென்சிலும் ஏறி, பக்கத்தில் வெள்ளை இடமே மிச்சமில்லை.

"சுத்தமானதத்தான் தரணுமெண்டு ஆரும் சண்டைக்கு வந்தா விட்டுக் குடுக்காதீங்க நானா" என்றேன். "இதத்தான் குடுங்க."