ஒரு கால் முன்வைத்த விமானம்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடை. மதுரையில் இன்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு, நானும் என் சிநேகிதனும் ஆகாய விமானம் கட்டிக்கொண்டிருந்தோம். பொம்மை விமானம்தான். மூங்கில் சிம்பாலும் நெட்டியாலும் கூடு, மேலே பட்டக் காகிதம், முறுக்கிவிட்ட ரப்பர் நாடாதான் இன்ஜின். பகலெல்லாம் அதே பேச்சு. இரவில் படுத்தால் கட்டில் மெல்லத் தரையை விட்டுக் கிளம்புவது போலிருக்கும்.

எல்லாம் முடிந்து, சக்கரம் மாட்டும் கால் மட்டும் பாக்கி. கையால் எறிந்து பறக்கவிடலாமே என்றேன். அவன் ஒப்பவில்லை.

"எறிஞ்சா கல்லுகூடத்தான் பறக்கும் மாப்ள. இது தானா ஓடி, தானா எந்திரிக்கணும்."

இதற்கிடையில் அத்தா என்று அவன் கூப்பிடும் அவனுடைய தகப்பனார், அவனைக் கொழும்பில் மாமா கடைக்கு அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டார். படிப்பு அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். அதற்கு அவன் மறுப்பே சொல்லவில்லை. போவதற்குள் விமானம் தரையை விட்டு எழுவதைப் பார்த்துவிட வேண்டும், அது போதும் என்றான்.

மில்லில் கழித்துப் போட்ட எஃகுக் கம்பி ஒரே ஒரு துண்டு, பழைய இரும்புக் கடையில் கிடைத்திருந்தது. தீக்குச்சித் தடிமன். அதை வளைத்தே இரண்டு காலும் வர வேண்டும். நடுப்பாகம் விமானத்தின் வயிற்றோடு ஒட்டி நிற்க, இரு முனையும் கீழே சரிந்து சக்கரத்தைத் தாங்க வேண்டும். எஃகு லேசில் படியாது. வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதையும் சேர்த்துக் கூடுதலாக வளைக்க வேண்டும். வளைத்த இடத்தை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும்.

அவன் வீட்டுக் கீழ்க்கட்டில் தகரப் பெட்டிப் பட்டறை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஜும்மாத் தொழுகைக்குப் போகும் நேரத்தில்தான் அங்கிருந்த வைஸ், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு இடுக்கி, எங்களுக்குக் கிடைக்கும். அவனும் போயாக வேண்டும். தான் திரும்புவதற்குள் இதற்குக் கால் முளைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு கிளம்பினான்.

தெருவே அடங்கிவிட்டது. தகரத் தகடுகளில் பட்ட வெயில் சுவரில் தண்ணீர் போல் அலைந்தது. இரண்டும் ஒரே மாதிரிக் கால்தானே என்று காகிதத்தில் ஒரு காலை மட்டும் வரைந்திருந்தோம். முதல் முனையை வளைத்துப் படத்தின் மேல் வைத்தேன், மயிரிழை பிசகவில்லை. கம்பியை அப்படியே மேஜைமேல் சுற்றித் திருப்பி, அடுத்த முனையையும் வளைத்து வைத்தேன். அதுவும் அச்சு. பெருமையோடு தூக்கிப் பிடித்தபோதுதான் தப்பு தெரிந்தது. ஒரு கால் பூமியைப் பார்த்தது, ஒரு கால் ஆகாயத்தைப் பார்த்தது. கம்பியைப் புரட்டிப் போட்டு வளைத்திருக்க வேண்டும். நான் சுற்றித் திருப்பியிருந்தேன்.

அவன் வந்து பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தேன்.

"பாதி ஏற்கெனவே கெளம்பிருச்சு போல," என்றான்.

பிறகு ஒரு காலை வைஸில் கடிக்கவிட்டு, மற்றதைப் பிடித்துத் திருகச் சொன்னான். நடுப்பாகம் அரைச் சுற்று முறுக்கிக்கொண்டால் மேலே போன கால் கீழே வந்துவிடுமாம். ஒடிந்துவிடுமே என்றேன்.

"ஒடஞ்சா ஒடையட்டும். எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்ல மாப்ள. திருகு."

கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். கம்பி கிறீச்சிட்டது, ஒடியவில்லை. கையை விட்டதும் சற்றே பின்வாங்கி நின்றுகொண்டது. ஆகவே ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, நடக்கப் புறப்பட்ட மனிதனைப் போல் ஆயிற்று எங்கள் விமானம்.

பெட்டி படுக்கை அத்தாவோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. நாங்கள் சைக்கிளில் காளவாசல் தாண்டி, செங்கல் சூளைகளுக்கு அப்பாலிருந்த பொட்டலுக்குப் பறந்தோம். முதல் ஓட்டத்தில் விமானம் கோணிக்கொண்டே போய் மூக்குக் குப்புற விழுந்தது. இன்னொரு தடவைக்குத்தான் நேரமிருந்தது. நான் காலை நிமிர்த்தப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் கோணியதோ அந்தப் பக்கம் காற்று எதிர்ப்படும்படி வைத்து விட்டான்.

அரைவட்டமாக ஓடிற்று. காற்றை எதிர்கொண்ட இடத்தில், புழுதியில் பதிந்துவந்த சக்கரத் தடம் நின்றுபோனது. நிழல் மட்டும் தரையில் தனியே ஓடியது. சூளைக்கு மேலே போனதும் ரப்பர் ஓய்ந்து இறங்கிவிடும் என்று நினைத்தேன். சூளையின் அனல் அதை ஏந்திக்கொண்டது. சத்தமில்லாமல் சுற்றிச் சுற்றி, பனைகளுக்கு மேலே, பருந்துகளின் உயரத்துக்குப் போய், நாகமலைப் பக்கமாக நகர ஆரம்பித்தது. நாங்கள் கைகூடத் தட்டவில்லை.

துரத்திப் பிடிக்கலாம் என்று நான் சைக்கிளை எடுத்தேன்.

"வேணாம். எறங்குறதப் பாக்க வேணாம்," என்றான். "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்."

நான் மிதிக்க, அவன் பின்னால் திரும்பி உட்கார்ந்து, கண்ணுக்கெட்டிய வரை பார்த்துக்கொண்டே வந்தான். அதன்பின் யுத்தம் வந்தது. கடல் தாண்டிப் போனவன் இதுவரை ஊர் திரும்பவில்லை. அந்த விமானம் இறங்கியதை நாங்கள் பார்க்கவேயில்லை. அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அவனை வழியனுப்பிவிட்டேன் என்பதை என் மனது இன்றுவரை முழுக்க நம்பவில்லை.